ஜெர்மன் ராணுவத் தலைமை: புதிதாக எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் உலகப்போரைப் பற்றி எழுதத் தொடங்கும் நண்பர்கள், பார்த்துச் சொல்லுங்கள் என்று கட்டுரை அனுப்புகிறார்கள். நான் ஒரு காலத்தில் செய்த அதே பிழைகள் வரிசை மாறாமல் வருகின்றன. பெயர்க் குழப்பம், தேதிக் குழப்பம் போகட்டும். அதை யாரும் திருத்திவிடலாம். கீழே தலைப்புகளாக இருப்பவை அதைவிடப் பெரிய பிழைகள்.

கைசர்தான் எல்லாவற்றையும் முடிவு செய்தார்

ஏட்டில் ஜெர்மன் பேரரசரான அவர்தான் உச்சத் தளபதி. ஆனால் 1916 ஆகஸ்ட் 29 அன்று தளபதிகள் ஹிண்டன்பர்க்கும் லூடென்டார்ஃபும் ஓ.எச்.எல். எனப்படும் ராணுவ உச்சத் தலைமையகத்துக்கு வந்த பிறகு நிலைமை வேறு. அவர்கள் கையில் இருந்த பெரிய ஆயுதம் ராஜினாமா மிரட்டல். 1917 ஜூலையில் அதைக் காட்டினார்கள். சான்சலர் பெத்மன் ஹோல்வெக் பதவி இழந்தார்.

அப்படியென்றால் முழு ராணுவ சர்வாதிகாரம்

இல்லை. அதே ஜூலையில் நாடாளுமன்றம் 212க்கு 126 என்ற கணக்கில் சமாதானத் தீர்மானம் நிறைவேற்றியது. அதை இவர்களால் தடுக்க முடியவில்லை.

எம்டன்

இதையும் ஓ.எச்.எல். கணக்கில் எழுதுகிறார்கள். 1914இல் சென்னையில் குண்டு போட்ட எம்டன் கடற்படைக் கப்பல். ஓ.எச்.எல்.லுக்கு அதன்மேல் அதிகாரமே இல்லை.

கதையை நவம்பர் 11இல் தொடங்குவது

இதுதான் எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது. 1918 நவம்பர் 11, பிரான்சின் கோம்பியேன் காட்டில் ஒரு ரயில் பெட்டி, போர்நிறுத்தத்தில் கையெழுத்துப் போடும் சிவிலியன் அரசியல்வாதி எர்ஸ்பெர்கர். காட்சி நன்றாகத்தான் இருக்கிறது. நானும் அங்கிருந்துதான் தொடங்கினேன். களத்தில் தோற்காத படையை பெர்லின் அரசியல்வாதிகள் கவிழ்த்துவிட்டார்கள் என்று ஒரு சிற்றிதழில் எழுதினேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. அதில் ஒரே வரி: 'செப்டம்பர் 29 என்ன ஆயிற்று?' தேடிப் படித்த பிறகு திருத்தம் போடச் சொல்லிக் கேட்டேன். இதழில் இடமில்லை என்றார்கள்.

1918 செப்டம்பர் 29 அன்று பெல்ஜியத்தின் ஸ்பா நகரில், உடனே போர்நிறுத்தம் கேட்டாக வேண்டும் என்று கைசரிடம் வற்புறுத்தியவர் லூடென்டார்ஃபேதான். கூட்டாளியான பல்கேரியா சரிந்துவிட்டது, மேற்கு முனையும் தாங்காது. அதோடு நாடாளுமன்றக் கட்சிகளை அரசில் சேர்க்கவும் சொன்னார். தோல்விக் கஞ்சியை அவர்களே குடிக்கட்டும் என்பதுதான் அதன் பொருள். தம் அதிகாரிகளிடம் ஏறக்குறைய இப்படியே சொன்னார். அக்டோபர் 2 அன்று பெர்லினுக்குத் தலைமையகம் அனுப்பிய ஒரு மேஜர் வந்து கட்சித் தலைவர்களிடம் உண்மை நிலையைச் சொன்னபோது பேயறைந்தது போல் ஆனார்கள். அதுவரை வெற்றிச் செய்திகளையே கேட்டு வந்தவர்கள் அவர்கள். புதிய சான்சலர் மாக்ஸ் இளவரசர் சில நாள் அவகாசம் கேட்டார். தலைமையகமோ 48 மணி நேரம்கூடப் பொறுக்காது என்றது.

அக்டோபர் கடைசியில் அதே லூடென்டார்ஃப், போரைத் தொடரலாம் என்று மாற்றிப் பேசியதும் வேடிக்கை. 26ஆம் தேதி பதவி போனது. நவம்பர் 10 அன்று, நிபந்தனைகளைத் தளர்த்த முடியாவிட்டாலும் கையெழுத்துப் போடுங்கள் என்று தந்தி அனுப்பியது ஹிண்டன்பர்க். ஓராண்டு கழித்து, 1919 நவம்பர் 18 அன்று, படையை முதுகில் குத்திவிட்டார்கள் என்று நாடாளுமன்ற விசாரணைக் குழு முன் சொன்னவரும் அவரே! கையெழுத்துப் போட்ட எர்ஸ்பெர்கரை 1921 ஆகஸ்ட் 26 அன்று சுட்டுக் கொன்றார்கள்.

ஓ.கே.டபிள்யூ.

ஓ.எச்.எல்.லோடு இதைக் குழப்புகிறார்கள். இது ஹிட்லர் 1938இல் அமைத்த முப்படைத் தலைமையகம். வேறு போர்.