துளைத் தகட்டுத் தொங்கு விளக்கை மறுபடி எரியவைத்தல்

கொச்சி மட்டாஞ்சேரியின் பழம்பொருள் கடை ஒன்றில் வாங்கிய ஸ்பெயின் நாட்டுத் துளைத் தகட்டு விளக்கை, பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறையில் உள்ள எங்கள் ஓட்டு வீட்டில் தொங்கவிட்டபோது கற்றவற்றை எழுதுகிறேன். 1957இல் ஸ்பெயின் கட்டடக் கலைஞர் கோடெர்க் மெல்லிய மரத் தகடுகளால் பல்பை மறைத்து ‘டிசா’ விளக்கை வடிவமைத்தார். கண் கூசாமல் ஒளியை வடிகட்டும் அதே வேலையை இங்கே துளைகள் செய்கின்றன. ஆகவே வயரைத் தயங்காமல் மாற்றுங்கள். துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

மெயினை அணைத்துவிட்டு, வெடித்துப்போன பழைய ரப்பர் வயரை முழுவதும் உருவிவிட்டு, 0.75 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் செப்பு வயரை இழுங்கள். தகட்டின் விளிம்பு வயரை அறுக்காதபடி நுழைவாயிலில் ஒரு ரப்பர் வளையம் அவசியம். பச்சை எர்த் வயரை உலோக உடலில் திருகும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டிப் பளபளப்பான உலோகத்தைத் தொடவையுங்கள், இல்லையேல் அது பெயருக்குத்தான் எர்த். பெரும்பாலான ஐரோப்பிய விளக்குகளில், பக்கவாட்டில் இரண்டு முனைகள் (pin) கொண்ட நம் பல்பு பொருந்தாது. அவை பெரும்பாலும் இ27 எனப்படும், பல்பைத் திருகி மாட்டும் மரை ஹோல்டர் கொண்டவை. அதில் ஃபேஸ் நடுமுனைக்கும் நியூட்ரல் மரைக்கும் வர வேண்டும். மாற்றிக் கொடுத்தால், பல்பைக் கழற்றும்போது விரல் படும் மரையிலேயே மின்சாரம் இருக்கும். விளக்கோடு பழைய பல்பு வந்திருந்தால் அதைப் போடாதீர்கள்: அக்காலத்தில் ஸ்பெயினின் பல இடங்களில் 125 வோல்ட்தான் இருந்தது, நம்முடையது 230. இந்த வேலையில் பழக்கமில்லாதவர்கள் எலக்ட்ரீஷியனை அழைத்துக்கொள்வதே சரி.

வயர் மாட்டும் முன்பே, சோப்பு நீரில் நனைத்த பழைய பல்துலக்கும் பிரஷால் துளைகளை உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் தேய்த்து, உடனே துடைத்து உலர்த்துங்கள், ஏனெனில் பெயிண்ட் மிக மெல்லியதாக இருக்கும் துளை விளிம்புகளில்தான் துரு முதலில் பிடிக்கும். பித்தளையானாலும் குத்துவிளக்குக்குப் போடுவதுபோலப் புளி போடாதீர்கள். துளைகளில் தங்கும் புளிப்பு பச்சையாகக் களிம்பேறும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்வாகத் தேய்க்கவும் வேண்டாம். புதிதாக பெயிண்ட் அடிக்கத்தான் வேண்டுமா? என் விளக்கில் கீறல்களை அப்படியே விட்டுவிட்டேன்.

சுவரில் கூர்மையான புள்ளிகள் வேண்டுமானால் தெளிவான கண்ணாடியுள்ள இழை எல்இடி பல்பு, மங்கலாகப் பரவ வேண்டுமானால் பால்நிறப் பல்பு. சாப்பாட்டு மேசைக்கு 4 வாட்டே போதும். மேசைக்கு 75 சென்டிமீட்டர் மேலே, சங்கிலிக்குப் பதில் இரும்புக் குழாயில் தொங்கவிடுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்றில் சங்கிலி ஆடினால், சுவர் முழுக்கப் புள்ளிகளும் சேர்ந்து ஆடி, சாப்பிடுகிறவருக்குத் தலை சுற்றும்.