மஞ்சளில் கிழங்கு அழுகல்: முதலில் தண்ணீரைக் கவனியுங்கள்

ஈரோடு மாவட்டம் கோபிப் பக்கம் ஐப்பசி மழை விட்டதும், மஞ்சள் காட்டில் நான் முதலில் பார்ப்பது அடி இலைகளைத்தான். ஓரம் காய்ந்து, வெளிறி, அது கீழிருந்து மேலே ஏறினால் தண்டைப் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்துவிட்டதா? அடித்தண்டு நீர் கோத்துக் கொழகொழவென்று இருக்கிறதா? அப்படியென்றால் கிழங்கு அழுகல்தான். ஒடித்துப் பார்த்தால், பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் போய் உள்ளே பழுப்பேறியிருக்கும்.

இதற்குக் காரணம் பித்தியம் என்ற, பூஞ்சாணம் போன்ற நுண்ணுயிரி. தேங்கிய ஈரத்தில் பெருகி, பாய்ச்சும் தண்ணீரோடு அடுத்த பாத்திக்குப் போய்விடும். அதனால் மருந்துக் கடைக்கு ஓடுவதற்கு முன் மடையை அடையுங்கள். நோய் கண்ட இடத்துத் தண்ணீர் நல்ல பயிருக்குள் போகவே கூடாது. அழுகிய தூரைக் கிழங்கோடு தோண்டி வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள். வரப்போரம் வீசினால் அடுத்த மழையில் திரும்ப வந்து சேரும். அந்தக் குழியிலும் சுற்றியுள்ள தூர்களிலும் லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சாண மருந்தைக் கலந்து வேர் நனைய ஊற்றலாம். காடு முழுக்க ஊற்ற வேண்டியதில்லை.

உண்மையான வேலை நடவுக்கு முன்புதான். களிமண் காட்டில் மேட்டுப்பாத்தி போட்டு, கடைசிப் பாத்தியிலிருந்து தண்ணீர் வெளியேற வடிகால் வெட்டுங்கள். அதற்கு ஆகும் கூலிக்குத் தயங்காதீர்கள். சொட்டு நீர் இருந்தால் இன்னும் நல்லது.

அப்புறம் ட்ரைக்கோடெர்மா. அழுகல் நோயை அடக்கும் நல்ல பூஞ்சாணம் இது. நன்கு மக்கிய தொழு உரம் 90 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 10 கிலோ, ட்ரைக்கோடெர்மா ஒரு கிலோ. மூன்றையும் கலந்து, புட்டு மாவுப் பதத்துக்குத் தண்ணீர் தெளித்து, நிழலில் ஈரச்சாக்கால் மூடி வையுங்கள். இடையிடையே கிளறிவிட்டால் இரண்டு வாரத்தில் வெள்ளையும் பச்சையுமாகப் பூஞ்சாணம் படர்ந்திருக்கும். அதை ஈரமான பாத்தியில் போட வேண்டும், காய்ந்த மண்ணில் போட்டால் வீண். இதைப் போட்ட சூட்டோடு காப்பர் மருந்து ஊற்றினால் இதுவும் அடிபடலாம். இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள்.

விதை மஞ்சளை, அழுகல் தலைகாட்டாத பாத்தியில் பயிர் நிற்கும்போதே குச்சி நட்டு ஒதுக்கிவிடுங்கள். குவியலில் பொறுக்கினால் எது எந்தப் பாத்தியிலிருந்து வந்தது என்று தெரியாது. அழுகல் வந்த காட்டில் மறுவருஷம் மஞ்சளும் வேண்டாம், இஞ்சியும் வேண்டாம். இரண்டையும் பித்தியம் தாக்கும்.