ஒரே எண், வேறு சில்லு: இன்வெர்ட்டர் மாஸ்ஃபெட் மாற்றிய அனுபவம்

எங்கள் வீட்டு இன்வெர்ட்டருக்கு 12 வோல்ட் பேட்டரி. கரண்ட் போனதும் ஆன் ஆகும். ஃபேன் சுற்றத் தொடங்கியதும் ‘டப்’ என்று ஃபியூஸ் போய்விடும். திறந்து பார்த்தேன். ஒரு பக்கத்தில் இணையாகப் போட்டிருந்த நான்கு ஐஆர்எஃப்3205 மாஸ்ஃபெட்டில் (பேட்டரி கரண்டை வேகமாக ஆன்-ஆஃப் செய்யும் டிரான்சிஸ்டர்) ஒன்று ஷார்ட்.

அதை மட்டும் மாற்றினேன், இரண்டு நாள் ஓடியது. மறுபடி மாற்றியது பத்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. மாஸ்ஃபெட்டைக் கட்டுப்படுத்தும் காலான கேட்டில் இருக்கும் ரெசிஸ்டர்களை எல்லாம் மாற்றிப் பார்த்தேன். டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றியது சுத்த வீண் வேலை.

அப்புறம்தான் மல்டிமீட்டரைக் கெப்பாசிட்டன்ஸில், அதாவது மின்தேக்குத் திறனை அளக்கும் நிலையில், வைத்தேன். மற்ற இரண்டு கால்களான ட்ரெயினையும் சோர்ஸையும் ஒரு கம்பியால் சேர்த்துக்கொண்டு, கேட்டிலிருந்து அளக்க வேண்டும். ஷார்ட் ஆகாத பழையவை 5 நானோஃபாரட் பக்கம் காட்டின. புதியவை 2-ஐத் தாண்டவில்லை! மேலே அச்சிட்ட எண் என்னவோ அதேதான். உள்ளே இருந்த சில்லுதான் சிறியது, அதனால்தான் அளவும் குறைவு. டேட்டாஷீட் சொல்லும் 8 மில்லி ஓம் என்ற குறைந்த மின்தடை அதில் எங்கே வரும்? சூட்டில் போகத்தானே செய்யும்.

வேறு கடையில், மீட்டரைக் கையோடு கொண்டுபோய், ஒரே லாட்டில் எட்டு வாங்கினேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார், சரி, பார்க்கட்டும். இரண்டு பக்கமும் எட்டையும் மாற்றினேன். முதல் சோதனைக்கு மட்டும் ஃபியூஸ் இடத்தில் கார் ஹெட்லைட் பல்பைத் தொடராகப் போட்டேன். பல்பு ஒருமுறை மின்னி அடங்கியது; ஷார்ட் இருந்தால் எரிந்துகொண்டே இருக்கும். ஃபியூஸைப் போட்டேன். மூன்று வாரமாக ஓடுகிறது, ஹீட்சிங்கைத் தொட்டால் வெதுவெதுப்புதான்.