வயலோரக் குட்டையில் கெண்டை வளர்ப்பு: பூச்சிமருந்திலிருந்து மீனைக் காக்கும் வழியும் முருங்கை, மஞ்சள் தீவனமும்

காவிரிப் படுகையில் நெல்வயலை ஒட்டிப் பத்து சென்ட் அளவில் பண்ணைக்குட்டை வெட்டி, கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டைக் குஞ்சுகளை முதன்முறையாக விடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முருங்கையும் மஞ்சளும் கலந்த தீவனம் பூச்சிமருந்திலிருந்து மீனைக் காக்கும் என்று கேள்விப்பட்டு, அதை மட்டுமே நம்பி மடையைத் திறந்து வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தீவனத்தின் வேலை கடைசியில்தான் தொடங்குகிறது. அதற்கு முன் செய்யவேண்டியவை மூன்று.

முதல் படி: குட்டையில் எவ்வளவு நீர் நிற்கிறது என்று கணக்கிடுங்கள்

பத்து சென்ட் என்பது ஏறத்தாழ 400 சதுர மீட்டர். அதில் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு நீர் நின்றால் 6 லட்சம் லிட்டர். சைபர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து 10 சதவீதம் உள்ள 100 மி.லி. புட்டியில் நஞ்சு மட்டும் சுமார் 10 கிராம் இருக்கும். அது முழுவதும் அந்தக் குட்டையில் கலந்தால், லிட்டருக்கு ஏறத்தாழ 17 மைக்ரோகிராம் ஆகிறது. கெண்டை மீன்கள் சாவதற்கு லிட்டருக்குச் சில மைக்ரோகிராமே போதும். ஒரு பகுதி சேற்றில் ஒட்டிக்கொள்ளும் என்றாலும், உள்ளங்கையில் அடங்கும் ஒரு புட்டி ஒரு குட்டையையே அழிக்கக்கூடியது என்பதை மனத்தில் இருத்துங்கள். ஆடுமாடுகளின் உடல் இவ்வகை மருந்தை விரைவாகச் சிதைத்துவிடும். மீனின் உடலால் அது இயலாது.

இரண்டாம் படி: நீர் வரும் வழியை அடைத்துவிடுங்கள்

குட்டையின் கரை வயல் மட்டத்தைவிட உயர்ந்திருக்க வேண்டும். வயலின் வடிகால் நீர் எக்காரணம் கொண்டும் உள்ளே வரக்கூடாது. பக்கத்து வயல்காரரிடம் மருந்தடிக்கும் நாளை முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொண்டு, அன்று முதல் குறைந்தது பத்து நாட்களுக்கு மடையை மூடிவையுங்கள். தெளிப்பானைக் குட்டையில் கழுவ யாரையும் அனுமதிக்காதீர்கள்.

மூன்றாம் படி: புது நீரைச் சோதியுங்கள்

குஞ்சு விடும் முன், குட்டை நீரிலேயே ஒரு சிறிய ஹாப்பா வலையை (பெட்டி வடிவ வலைத்தொட்டி) கட்டி, அதில் பத்துப் பதினைந்து குஞ்சுகளை விட்டு 24 மணி நேரம் கவனியுங்கள். அவை நன்றாக நீந்தினால் மற்றவற்றை விடலாம்.

நான்காம் படி: தீவனம் தயாரியுங்கள்

குளோர்பைரிபாஸ் போன்ற பூச்சிமருந்துகள் நரம்புகளைத் தாக்குவதோடு நில்லாமல், கல்லீரலிலும் செவுளிலும் உயிரணுக்களை அரிக்கும் வேதிப்பொருள்களைப் பெருக்குகின்றன. முருங்கையிலையிலும் மஞ்சளிலும் உள்ள ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் இந்த அரிப்பைக் குறைக்கின்றன என்பதை, எகிப்தில் நைல் திலேப்பியா மீனை வைத்துச் செய்யப்பட்டவை உட்படப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் அந்தப் பாதுகாப்பு, மீனை உடனே கொல்லாத சிறிய அளவு நஞ்சுக்கு எதிரானது. பாய்ந்து வரும் நஞ்சுக்கு அது முறிமருந்து ஆகாது.

பத்துக் கிலோ தீவனத்துக்கு 200 கிராம் முருங்கையிலைப் பொடி, 50 கிராம் மஞ்சள்பொடி போதும். ஒரு கிலோ பச்சை இலையை நிழலில் உலர்த்தினால் ஏறத்தாழ அந்த 200 கிராம் கிடைக்கும். வெயிலில் காயவைத்தால் இலை பழுப்பாகிச் சத்து குறையும். சரிபாதி கடலைப் புண்ணாக்கும் அரிசித் தவிடும் எடுத்து, புண்ணாக்கை இரவே ஊறவைத்து, காலையில் தவிட்டையும் பொடிகளையும் மரவள்ளி மாவுக் கஞ்சியையும் விட்டுப் பிசையுங்கள். உருண்டை கையில் ஒட்டாமல், நீரில் போட்டதும் கரையாமல் இருப்பதே பதம். இதைத் துளையிட்ட சாக்கில் இட்டு மூங்கிலில் தொங்கவிட்டால், மீன்கள் துளை வழியே கொத்தித் தின்னும்.

புண்ணாக்கை உடைத்து மோந்து பாருங்கள். பூஞ்சை வாடை வீசினால் தூக்கி எறியுங்கள். பூஞ்சையின் நஞ்சும் கல்லீரலைத்தான் கெடுக்கிறது, மஞ்சள் எவ்வளவு போட்டாலும் அதை ஈடுகட்ட இயலாது. முருங்கையைக் கூடுதலாகச் சேர்ப்பதும் தவறு, ஏனெனில் அதிலுள்ள சப்போனின் (நுரைக்கும் தாவரப் பொருள்) போன்றவை மிகுந்தால் வளர்ச்சி குன்றும். தாவரப் பொருள் என்றாலே தீங்கற்றது என்று எண்ணிவிட வேண்டாம்: குட்டையில் வேண்டாத மீன்களை அழிக்க நம் ஊரில் பயன்படுத்துவதே இலுப்பைப் புண்ணாக்குதான்.

மருந்தடிக்கும் பருவத்துக்கு நான்கு வாரம் முன்பே இந்தத் தீவனத்தைத் தொடங்கி, மீனின் மொத்த எடையில் நாளொன்றுக்கு 2 முதல் 3 சதவீதம் கொடுங்கள்.

ஐந்தாம் படி: அறிகுறியைப் பிரித்தறியுங்கள்

விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறி, பெரிய மீன்கள் முதலில் செத்து, வெயில் ஏறியதும் மற்றவை தெளிந்தால், அது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு. மருந்தடித்த சில மணி நேரத்தில், நண்பகலாக இருந்தாலும், மீன்கள் சுழன்று சுழன்று நீந்தி ஒருக்களித்து விழுந்து, நீர்ப்பூச்சிகளும் இறாலும் சிறு மீன்களும் முதலில் மடிந்தால், நஞ்சைச் சந்தேகியுங்கள். உடனே தீவனத்தை நிறுத்தி, நல்ல நீரைப் பாய்ச்சி, காற்றூட்டியை ஓட்டுங்கள். சுத்தமான கண்ணாடிப் புட்டியில் நீரை நிரப்பி, வெளிச்சம் படாமல் பனிக்கட்டியில் வைத்து, அன்றே மீன்வளத்துறை அலுவலகத்தை அணுகுங்கள். செத்த மீனை விற்கவோ, சமைக்கவோ, கோழிக்குப் போடவோ வேண்டாம். சுண்ணாம்பு தூவி, குட்டைக்கும் கிணற்றுக்கும் தள்ளிப் புதையுங்கள்.