கண்ணாடியைக் கழற்றியதும் அழகியாகிவிடும் கதாநாயகி

காதல் நாவல் எழுத உட்காரும் பலரும் ‘உருவம் பெரிதல்ல, உள்ளமே பெரிது’ என்றுதான் தொடங்குகிறார்கள். கதை முடியும் நேரத்தில் அவர்களே அதைக் கைவிட்டுவிடுகிறார்கள். நாயகி தடித்த கண்ணாடியைக் கழற்றுகிறாள், கூந்தலை அவிழ்த்துவிடுகிறாள், புத்தாடை உடுத்திப் படியிறங்கி வருகிறாள். நாயகன் வாயடைத்து நிற்கிறான். புதியவர்களின் கைப்பிரதிகளில் நான் அதிகம் பார்த்த தவறு இது. அவளுடைய அறிவுக்காகவே அவன் நேசித்தான் என்று இருநூறு பக்கம் சொல்லியாயிற்று. பிறகு இந்தக் காட்சி எதற்கு? ‘பயப்படாதீர்கள், அவள் அழகிதான்’ என்று வாசகரைத் தேற்றுவதற்கா?

நோய் பழையது. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சில் எழுதப்பட்ட ‘அழகியும் விலங்கும்’ கதையிலேயே, விலங்குருவத்தை நேசித்தவளுக்கு முடிவில் அழகான இளவரசன் கிடைத்துவிடுகிறான். தேவதைக் கதைக்கு அது சரி. 1847இல் வெளிவந்த ‘ஜேன் அயர்’ நாவலில் சார்லட் பிராண்டி இந்தப் பரிசை யாருக்கும் கொடுக்கவில்லை. நாயகி எடுப்பான தோற்றம் இல்லாதவள், கடைசிவரை அப்படியே இருக்கிறாள். நாயகனும் அழகனல்ல. ‘நான் அழகாக இருக்கிறேனா?’ என்று அவன் கேட்க, யோசிப்பதற்குள் ‘இல்லை’ என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்துவிடுகிறது. அவன் அவளுக்குச் சம்பளம் கொடுக்கும் எஜமான் என்பதை நினைவில் வையுங்கள். அவள் குணத்தைக் காட்ட அந்த ஒரு சொல் போதும்.

அடுத்த தவறும் இங்கிருந்தே வருகிறது. கண்ணுக்கும் புருவத்துக்கும் அரைப்பக்கம் ஒதுக்கும் எழுத்தாளர், மனத்துக்கு ‘தங்கமானவள்’ என்று ஒரே சொல்லை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். குணம் அடைமொழியில் தெரியாது, இழப்பில்தான் தெரியும். சக ஊழியர்மேல் விழவிருந்த பழியைத் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டு ஒருவன் பதவி உயர்வை இழக்கட்டும். அதை அவன் அவளிடம் சொல்லாமலே இருக்கட்டும். இரண்டு மாதம் கழித்து, வேறு ஏதோ பேச்சினிடையே, மூன்றாவது ஆள் மூலம் அவளுக்குத் தெரியவரட்டும். அவனே சொன்னால் பாதி மதிப்பு போய்விடும்.

அழகானவர்களையெல்லாம் வில்லனாக்குவதும் சோம்பேறித்தனமே. 1813இல் வெளிவந்த ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் அழகன் விக்கம் வஞ்சகன்தான். ஆனால் சகோதரிகளிலேயே பேரழகியான மூத்தவள் ஜேன் தூய மனத்தவள். நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் முகத்தைக் குணத்தின் அடையாள அட்டையாக்கவில்லை, நேராகவும் இல்லை, தலைகீழாகவும் இல்லை. ‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’ என்ற பழமொழியை, எழுதும் நேரத்திலாவது மறந்துவிடுவது நல்லது.

கடைசியாக, காதலிப்பவரைத் துறவியாக்கிவிடுவது. தோற்றம் என் கண்ணிலேயே படவில்லை என்று சொல்லும் பாத்திரத்தை நான் நம்புவதில்லை. கண்ணில் படும், மயக்கும், தவறான முடிவெடுக்கவும் வைக்கும். விக்டர் ஹ்யூகோ அதை மறைக்கவில்லை. 1831இல் வெளிவந்த அவருடைய நோத்ர தாம் நாவலில், கூனன் குவாசிமோதோ எஸ்மெரால்டாவைக் காப்பாற்றித் தேவாலயத்தில் அடைக்கலம் தருகிறான். அவளோ அழகன் ஃபீபஸையே நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு நாள் காலை, அவள் சன்னலில் இரண்டு பூச்சாடிகள் இருக்கின்றன. ஒன்று பளபளக்கும் கண்ணாடிச் சாடி. அதில் விரிசல், நீர் ஒழுகிப் பூக்கள் வாடிவிட்டன. மற்றது முரட்டு மண்சாடி. நீர் அப்படியே இருக்கிறது, பூக்கள் சிவந்து நிற்கின்றன.

வேண்டுமென்றே செய்தாளா என்பது தனக்குத் தெரியாது என்கிறார் கதைசொல்லி. எஸ்மெரால்டா வாடிய பூங்கொத்தை எடுத்து நாள் முழுவதும் மார்பில் அணிந்திருந்தாள். அன்று கோபுரத்திலிருந்து குவாசிமோதோவின் வழக்கமான பாட்டு கேட்கவில்லை. அவள் அதைப் பொருட்படுத்தவும் இல்லை.