ரப்பர் மரப் பலகையில் அலைக்குழி வேலைப்பாடு: சிஎன்சி (கணினி இயக்கும் வெட்டு மிஷின்) டூல்பாத், அதாவது கட்டர் ஓடும் பாதை, எழுதும் முறை

சாமி மேடையின் பின்பலகைக்கோ அலமாரிக் கதவுக்கோ அலையலையாகக் குழிந்த மேற்பரப்பு வேண்டுமென்றால், பலர் முதலில் முப்பரிமாணப் படம் வரைந்து, 6 மி.மீ. பால்நோஸ் (உருண்டை நுனி) கட்டரை 0.6 மி.மீ. இடைவெளியில் ஓட்டுகிறார்கள். 600க்கு 400 மி.மீ. பலகைக்கு அது 667 வரிசை, 400 மீட்டர் ஓட்டம். ஃபீட், அதாவது கட்டர் நகரும் வேகம், நிமிடத்துக்கு 2500 மி.மீ. வைத்தாலும் 160 நிமிடம் ஆகும். அதே பலகையை 12 மி.மீ. பால்நோஸால் 6.5 மி.மீ. இடைவெளியில் வெட்டினால் 62 வரிசைதான். ஓர் ஓட்டத்துக்கு வெட்டும் நேரம் கால் மணி. படமே தேவையில்லை. கட்டரின் உருண்டையும் வரிசை இடைவெளியும் சேர்ந்து வடிவத்தை உண்டாக்கிவிடும்.

ஒவ்வொரு வரிசைக்கும் ஆழக் கணக்கு இது (எக்ஸ் வரிசையின் நீளவாக்கில் உள்ள தூரம், இசட் பலகை முகத்திலிருந்து ஆழம், இரண்டும் மி.மீ.யில்; கோணம் டிகிரியில்):

இசட் = −1.2 + 0.8 × சைன்(360 × எக்ஸ் ÷ 40)

ஒன்றுவிட்ட வரிசைகளில் அடைப்புக்குள் 180 கூட்டுங்கள். ஒரு வரிசை 2 மி.மீ. ஆழத்தில் இருக்கும்போது பக்கத்து வரிசை 0.4 மி.மீ.யில் இருக்கும், குழிகள் பாய் முடைந்ததுபோல் மாறி மாறி விழும். 6.5 என்ற இடைவெளியும் இதிலிருந்து வருவதுதான். 2 மி.மீ. ஆழத்தில் இந்தக் கட்டர் 8.9 மி.மீ. அகலம் வெட்டும், 0.4 ஆழத்தில் 4.3. இரண்டின் பாதிகளைக் கூட்டினால் 6.6. இடைவெளி அதைத் தாண்டினால் நடுவே வெட்டுப்படாத பட்டை நிற்கும்.

எக்செல்லில் வரிகளைத் தயாரிப்பவர்கள் கவனிக்க வேண்டும்: அங்கே சைன் ரேடியனில் கணக்கிடும். டிகிரியை மாற்றாமல் போட்டால் ஆழம் தாறுமாறாக வரும். லினக்ஸ்சிஎன்சி என்ற மிஷின் இயக்கும் மென்பொருளில் டிகிரியே போதும். புள்ளிகளை 1 மி.மீ.க்கு ஒன்றாக வைத்தால் போதும், பிழை 0.003 மி.மீ.கூட வராது. 0.1க்கு ஒன்று வைத்தால் ஏறக்குறைய 372,000 வரி. கன்ட்ரோலர் திணறி, மிஷின் விக்கி விக்கி ஓடும். நிரலில் ஜி61 கட்டளை இருந்தால் எடுத்துவிட்டு, நிற்காமல் ஓட்டும் ஜி64 போடுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் நின்று நகர்ந்தால் மரம் கருகும்.

அலை நீளத்தை 40லிருந்து குறைக்கலாம், ஆனால் இந்தக் கட்டருக்கு 14 மி.மீ. எல்லை. அதற்குக் கீழே முகட்டின் வளைவு கட்டரின் 6 மி.மீ. ஆரத்தைவிடச் சிறிதாகி, முகடு சீவப்பட்டுக் கூராகிவிடும். 15 மி.மீ. அலைக்கு ஃபீடை 1500க்கு இறக்குங்கள். 2500இல் ஓட்டினால் இசட் அச்சு நொடிக்கு ஏறக்குறைய மூன்று முறை ஏறி இறங்க வேண்டியிருக்கும், சாதாரண ரவுட்டரின் மோட்டார் அடி தவறலாம்.

போக வரச் சேர்த்து வெட்டாதீர்கள். எக்ஸ் திருகில் கொஞ்சம் ஆட்டம் இருந்தாலும் ஒன்றுவிட்ட வரிசைகள் அந்த அளவுக்கு நகர்ந்து, குழிகள் கோணலாகத் தெரியும். ஒரே திசையில் வெட்டி, தூக்கித் திரும்புங்கள். கூடுதலாகும் சில நிமிடங்களுக்கு அது தகும்.

இனி பலகை. மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில், பால் குறைந்து மறுநடவுக்காக வெட்டிய மரத்தின் குட்டைத் துண்டுகளைப் பல் கோத்து ஒட்டிய ரப்பர் பலகைதான் சுலபமாக அமையும். இந்த வேலைக்கு நல்ல மரம், ஆனால் துண்டுக்குத் துண்டு ரேகை சாய்வு மாறும். ஒரே வெட்டில் முடித்தால் சில துண்டுகளில் நார் பிய்ந்து எழும். முதல் ஓட்டத்தை 0.3 மி.மீ. மிச்சம் வைத்து முடித்து, இரண்டாவதில் முழு ஆழம் போங்கள். வரிசைகள் ரேகையோடு ஓட வேண்டும். இரண்டு பல் கட்டர், நிமிடத்துக்கு 18,000 சுற்று.

பலகையை இறுக்கியதும், கழற்றாமல் தட்டைக் கட்டரால் மேல்முகத்தை 0.5 மி.மீ. சீவிவிட்டு, அங்கேயே இசட் பூஜ்யம் வையுங்கள். 0.3 மி.மீ. தாழ்ந்த இடத்தில்கூட ஒரு மி.மீ.க்கு மேல் அகலமான வெட்டுப்படாத பட்டை நிற்கும். சீவிய பலகையை இரவு முழுக்க ஈரக்காற்றில் விட்டால் மறுபடி வளையும், ஆகவே சீவுவதும் வெட்டுவதும் ஒரே நாளில் முடியட்டும்.

பால்நோஸின் நுனி மையத்தில் வெட்டு வேகம் கிடையாது; பள்ளத்தின் அடியில் பஞ்சுபோல நார் நிற்பது அதனால்தான். சீலர் ஒரு பூச்சு கொடுத்து, நார் விறைத்த பிறகு 240 நம்பர் உப்புத்தாளை மெல்லிய ஸ்பஞ்சில் சுற்றித் தேய்த்துவிடுங்கள். தாள் வரிசையோடு ஓடட்டும், குறுக்கே போனால் முகடுகள் மழுங்கிவிடும்.