தெருவோரக் கன்று மூன்று கோடையைத் தாண்ட

ஐப்பசியில் நட்ட கன்று மார்கழி வரை யார் தயவும் இல்லாமல் தழைத்து நிற்கும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. துளிர்த்த இலையைப் பார்த்து, கன்று பிடித்துக்கொண்டது என்று தெருவே நம்பிவிடும். வேரோ பை இருந்த இடத்தைத் தாண்டி ஒரு சாண்கூடப் போயிருக்காது. தை பிறந்ததும் மேல்மண் காயும். மாசிக் கடைசியில் இலை உதிரும். சித்திரையில் கூண்டு மட்டும் நிற்கும்.

மாநிலத்தின் பசுமைப் பரப்பைப் பத்தாண்டுகளில் 23.7 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாக உயர்த்துவது, 2022-ல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் இலக்கு. எத்தனை கன்று நட்டோம் என்ற எண் அந்த இலக்கை எட்ட உதவாது. மூன்றாவது கோடைக்குப் பிறகு எத்தனை உயிரோடு நிற்கின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். தெருவோரத்திலும் குளக்கரையிலும் பள்ளி வளாகத்திலும் நட்ட புங்கன், வேம்பு, பூவரசு, நாவல், மகிழம், மருதம் போன்ற கன்றுகளை அதுவரை கொண்டுசேர்க்கும் வழி இது.

நட்ட இரண்டு வாரத்துக்குள்

கும்பலாக நடும் நாளில் அவசரம் இருக்கும். அடுத்த ஞாயிறு இரண்டு பேர் ஒவ்வொரு கன்றாகப் பார்த்து வர வேண்டும். முதலில் தண்டைப் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். அடிமண்ணோடு சேர்ந்து ஆடினால் மண் சரியாக இறுகவில்லை. சுற்றிலும் குதிகாலால் மிதித்துவிட்டு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் உள்ளே இருக்கும் காற்றுக்குழி அடையும். மண்ணின் மேல் கறுப்புப் பிளாஸ்டிக் விளிம்பு தெரிந்தால் பையோடு நட்டிருக்கிறார்கள். அடியை மட்டும் கிழித்துவிட்டு நடுவதும் நிறைய நடக்கிறது. தயங்காமல் தோண்டி எடுத்து, பையை முழுக்க உரித்து, அடியில் வளையம் வளையமாகச் சுருண்ட வேரைக் கத்தரித்துத் திரும்ப நடுங்கள். சுருண்ட வேர் பெரிதானாலும் சுருண்டேதான் இருக்கும். பத்து வருடம் கழித்து ஒரு புயலில் மரம் அடியோடு சாய்வதற்கு அதுவும் ஒரு காரணம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. அகலமாக, ஆழமாக ஓடாத வேர் அந்த மாதிரிக் காற்றைத் தாங்காது.

தண்டும் வேரும் சேரும் கழுத்துப்பகுதி மண்ணுக்குள் புதைந்திருந்தால் மண்ணை விலக்கிவிடுங்கள். புதைந்த கழுத்து மழைக்காலத்தில் அழுகும். நட்டது மின்கம்பிக்கு நேர் கீழே என்றால் இந்த மழைக்குள்ளேயே பெயர்த்து வேறு இடத்துக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் அது வளர்ந்த பிறகு வருடா வருடம் தலையை வெட்டுவார்கள்.

பாத்தி

முதல் வருடம் தண்டைச் சுற்றி 2 அடி விட்டம், அரை அடி உயரக் கரை போதும். பாத்தி இதைவிடப் பெரிதானால் ஊற்றும் தண்ணீர் பரவி மேலோடு நின்றுவிடும். தண்டை ஒட்டிய மண் சற்று மேடாக இருக்கட்டும். தண்ணீர் தண்டில் தேங்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் களிமண் பகுதிகளில் கரையை ஒரு பக்கம் உடைத்துவிட வேண்டும். தை வந்ததும் மறக்காமல் அடைத்துவிடுங்கள்.

தண்ணீர்

பல கன்றுகள் சாவது தண்ணீர் ஊற்றாததால் அல்ல, கொஞ்சமாக ஊற்றுவதால். தினமும் வாளியில் பாதி, சுமார் 5 லிட்டர் ஊற்றினால் மேல் மூன்று நான்கு அங்குலம்தான் நனையும். மறுநாள் வெயிலில் அதுவும் போய்விடும். வேர் ஈரத்தைத் தேடி மேலேயே படரும். ஒரு வாரம் தண்ணீர் தவறினால் அந்த வேர் முழுக்கக் கருகும். அதே தண்ணீரைச் சேர்த்து, நான்கு நாளுக்கு ஒருமுறை 20 லிட்டராக ஊற்றினால் ஈரம் ஒரு அடிக்குக் கீழே இறங்கும்; வேரும் பின்னாலேயே இறங்கும்.

முதல் வருட அளவு: தை, மாசியில் ஐந்து நாளுக்கு ஒருமுறை 20 லிட்டர். பங்குனி முதல் ஆனி வரை மணற்பாங்கான மண்ணிலும் செம்மண்ணிலும் மூன்று நாளுக்கு ஒருமுறை 20 லிட்டர்; களிமண்ணிலும் கரிசலிலும் வாரம் ஒருமுறை 30 லிட்டர். வீட்டுப் பிளாஸ்டிக் குடம் சுமார் 15 லிட்டர் பிடிக்கும், அதை வைத்துக் கணக்கு வைக்கலாம். மே 4 முதல் 28 வரை அக்னி நட்சத்திரத்தில் முறை தவறவே கூடாது. ஊற்றும் நேரம் காலை ஏழுக்கு முன்போ பொழுது சாய்ந்த பிறகோ இருக்கட்டும்.

சந்தேகமாக இருந்தால் பாத்தி ஓரத்தில் அரை அடி ஆழம் குச்சியால் கிளறி ஒரு பிடி மண் எடுத்து உருட்டுங்கள். உருண்டை நின்றால் இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். உதிர்ந்தால் ஊற்றுங்கள்.

சரிவான இடத்திலும் இறுகிய மண்ணிலும் ஊற்றிய தண்ணீர் வழிந்து ஓடும். அங்கே 20 லிட்டர் பழைய பெயிண்ட் வாளியின் அடியில் ஓர் ஆணியைக் காய்ச்சி 2 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டு, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். நிரம்பிய வாளி காலியாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்; அவ்வளவும் கீழே இறங்கும். பெயிண்டை நன்றாகச் சுரண்டிக் கழுவியிருக்க வேண்டும், மூடியும் போட்டிருக்க வேண்டும். மூடாத வாளியில் கொசு வளரும்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். ஏ.சி. கருவியிலிருந்து சொட்டும் நீர், அரிசி கழுவிய நீர் இரண்டும் தாராளமாக ஊற்றலாம். சோப்பு நீர் வேண்டாம். ஆர்.ஓ. சுத்திகரிப்புக் கருவி தள்ளிவிடும் கழிவுநீரில் உப்பு செறிந்திருக்கும். அதையே மாதக்கணக்கில் ஊற்றினால் இலை ஓரம் கருகத் தொடங்கும். உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்று நீரைத் தவிர வேறு வழியில்லாத தெருவில், மாதம் ஒருமுறை மூன்று மடங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றி உப்பைக் கீழே தள்ளுங்கள். அப்படிப்பட்ட இடத்துக்குப் புங்கனும் பூவரசும் வேம்பும் தாங்கும்.

மூடாக்கு

சருகு, கரும்புத் தோகை, காய்ந்த புல், தென்னை மட்டைத் துண்டு எது கிடைத்தாலும் பாத்தி மண்ணின் மேல் நான்கு அங்குலக் கனத்துக்குப் பரப்புங்கள். தண்டிலிருந்து நான்கு விரல் இடம் விட வேண்டும். ஒட்டிக் கிடந்தால் பட்டை அழுகும், கரையானும் ஏறும். தேங்காய் மட்டையைக் கவிழ்த்துப் போடுங்கள். நிமிர்த்திப் போட்டால் குழிவில் மழைநீர் நின்று கொசு முட்டையிடும். ஒரு கன்றுக்கு 200 கிராம் வேப்பம் புண்ணாக்கை மண்ணில் கலந்துவிட்டால் கரையான் தொல்லை குறையும். மூடாக்கு மட்கி மெலிந்துகொண்டே வரும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சேர்க்க வேண்டும்.

தெரு பெருக்கும் தூய்மைப் பணியாளர்களிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள், சருகை எடுக்கவும் வேண்டாம், கன்றுக்கு அருகில் கொளுத்தவும் வேண்டாம் என்று. குப்பையைக் கொளுத்தும்போது மூன்றடி தள்ளி இருக்கும் கன்றின் பட்டைகூட வெந்துவிடும். வெந்த பக்கம் உடனே தெரியாது. இரண்டு மாதம் கழித்துப் பட்டை உரியும்போதுதான் தெரியும்.

கூண்டும் முட்டுக்கோலும்

ஆடு பின்னங்காலில் நின்று ஐந்தடிக்கு மேல் எட்டும். கூண்டு ஆறடி உயரம், குறைந்தது ஒன்றரை அடி விட்டம். மூங்கில் தட்டி போதும். பணம் இல்லாத இடத்தில் சீமைக்கருவேல முள்ளை வட்டமாக நட்டுக் கட்டலாம், ஆட்டுக்கு அதைவிட நல்ல தடுப்பு இல்லை. ஆனால் பள்ளிக்கூடப் பாதையில் முள் வேண்டாம்.

முட்டுக்கோல் தேவைப்படுவது சாயும் கன்றுக்கு மட்டும். காற்று வீசி வரும் பக்கத்தில், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி ஊன்றி, பழைய வேட்டித் துணியாலோ கயிற்றாலோ எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். தண்டு சற்று ஆட வேண்டும், ஆடினால்தான் அடி பருக்கும். கட்டுக் கம்பியும் நைலான் கயிறும் ஒரே வருடத்தில் பட்டைக்குள் புதைந்து, இலையிலிருந்து வேருக்கு உணவு போகும் வழியையே அறுத்துவிடும். பத்து, பன்னிரண்டு மாதத்தில் கோலை எடுத்துவிடலாம்.

இலையைப் பார்த்துத் தெரிந்துகொள்வது

நடுப்பகலில் துவண்டு மாலையில் நிமிர்ந்தால் பயமில்லை. விடியற்காலையிலேயே துவண்டிருந்தால் தாகம், அல்லது வேரில் கோளாறு. மண் ஈரமாக இருந்தும் அடி இலைகள் மஞ்சளாக உதிர்ந்தால் தண்ணீர் அதிகம். ஒரு வாரம் நிறுத்துங்கள். தண்டில் மண் பூசியதுபோல் கோடு ஏறினால் கரையான்; சுரண்டிவிட்டு அடியில் புண்ணாக்கு போடுங்கள். கொழுந்தில் வெள்ளை வெள்ளையாய் மாவுப்பூச்சியும் அதை மொய்க்கும் எறும்பும் இருந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். புங்க இலையில் கொப்புளமும் கோலமும் விழுவது பார்க்க மோசமாக இருக்கும், கன்றைக் கொல்லாது.

வேம்பின் நுனிக்கொம்புகள் மழைக்காலத்தை ஒட்டிக் காய்ந்து பழுப்பாகத் தொங்குவதைக் கண்டு பலர் கன்றைப் பிடுங்கிவிடுகிறார்கள். பொறுங்கள். நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்கள். பச்சை தெரியும் இடம் வரை உயிர் இருக்கிறது. காய்ந்ததைப் பச்சை தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே வெட்டி அப்புறப்படுத்தினால் மாசி, பங்குனியில் பெரும்பாலும் துளிர்க்கும். எந்தக் கன்றையும் அடுத்த மழையைப் பார்க்காமல் செத்ததாக முடிவு செய்யாதீர்கள். தரைமட்டத்திலிருந்துகூடத் தளிர் வரும்.

அடிக்கிளைகளை முதல் வருடம் கழிக்க வேண்டாம். அந்த இலைகள்தான் தண்டைப் பருக்க வைக்கின்றன. இரண்டாம் வருடத்திலிருந்து ஒரு தடவைக்கு இரண்டு மூன்று கிளையாக, மழையில்லாத நாளில் எடுத்து, நான்கைந்து வருடத்தில் எட்டடிக்கு மேல் தலை போகும்படி உயர்த்துங்கள். இரண்டு தலைக்கொம்பு போட்டியிட்டால் ஒன்றை மட்டும் சீக்கிரமே எடுத்துவிடலாம்.

யார் எதைப் பார்ப்பது

"எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்ற கன்றை யாரும் பார்ப்பதில்லை. கன்றுக்கு எண் போடுங்கள், எண்ணுக்கு எதிரே ஒரு வீடு, பத்து எண்ணுக்கு ஒரு மேற்பார்வையாளர். அவர் கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு: ஊற்றிய தேதி, அளவு, குறை. இதற்கு மேல் எந்தச் செயலியும் தேவையில்லை. தண்ணீர் அதிகம் வேண்டிய மே மாதத்தில்தான் பள்ளி விடுமுறைக்குப் பாதித் தெரு சொந்த ஊருக்குப் போயிருக்கும். பங்குனியிலேயே யார் இருக்கிறார்கள், யார் போகிறார்கள் என்று கேட்டு, மாற்றாளையோ வாரம் இருமுறை டேங்கரையோ பேசிவையுங்கள்.

நூறு கன்றுக்குப் பத்து கன்று அதே வயதில் பெரிய பையில் வளரட்டும். செத்த இடத்தில் அடுத்த மழையில் அதை வைத்தால் வரிசை குட்டை நெட்டையாகாது.

வீடு கட்டும் இடங்களில் கண் வையுங்கள். சிமெண்ட் கலவைத் தண்ணீரைப் பாத்தியில் கொட்டிக் கழுவுவதும், ஜல்லியைக் கன்றின் மேல் குவிப்பதும் வழக்கமாக நடக்கிறது. கொத்தனாரிடம் சொன்னால் கேட்பார். பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. நடைபாதைக் கல் பதிக்க வரும்போது தண்டைச் சுற்றி ஒரு மீட்டராவது மண் திறந்திருக்கக் கேளுங்கள். 2013-ல் டெல்லி மரங்கள் தொடர்பான வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றச் சொன்னது. பேசப் போகும்போது அதைக் குறிப்பிடலாம்.

இரண்டாம், மூன்றாம் வருடம்

ஆடியில் பாத்தியை 3 அடி விட்டத்துக்கு விரித்து, கரையோரமாக 3 கிலோ மட்கிய தொழு உரம் போடுங்கள். இரண்டாம் கோடையில் பத்து நாளுக்கு ஒருமுறை 40 லிட்டர். மூன்றாம் வருடம் பாத்தி 4 அடி, இருபது நாளுக்கு ஒருமுறை 80 லிட்டர். ஊற்றும் இடம் தண்டிலிருந்து தள்ளிப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். வேர் நுனி இருப்பது அங்கேதான். அதற்கடுத்த கோடையில் தண்ணீரை நிறுத்தலாம், அபூர்வமாக ஆனி வரை ஒரு மழைகூட வராவிட்டால் மட்டும் ஒரு தடவை ஊற்றுங்கள்.

தண்டு மணிக்கட்டுப் பருமனைத் தாண்டும்போது கூண்டைக் கழற்றிவிட வேண்டும். விட்டுவைத்தால் இரும்புக் கம்பி பட்டைக்குள் ஏறும், பிறகு மரத்தை அறுக்காமல் எடுக்க முடியாது. கழற்றிய கூண்டு அடுத்த தெருவுக்கு ஆகும்.